உன் அப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தை

லூர்து, என் சாமி,

நீ கோயம்புத்தூருக்குப் போன பிறகு நான் உனக்குப் போட்டதெல்லாம் தபால் அட்டைகள். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, தலைக்கு எண்ணெய் வை. தபால்காரர் படித்தால்கூடப் பரவாயில்லை என்கிற சமாச்சாரங்கள். இதை அட்டையில் எழுத மனம் வரவில்லை. உறையில் வைத்து, ஓரமெல்லாம் பசை தடவி அனுப்புகிறேன். அறையில் மற்றப் பையன்கள் இருக்கும்போது பிரிக்காதே. மெஷினுக்குப் போகும் முன்பும் படிக்காதே. வேலை விட்டு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து படி.

உன் அப்பாவின் சாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வளர்த்தது உண்மை அல்ல. எனக்குச் சொல்லப்பட்டதை நான் நம்பினேன், நம்பியதை உனக்குச் சொன்னேன். நீ கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உண்மை எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதும் சொல்ல வாய் வரவில்லை. உன் பெட்டியை ரயிலில் ஏற்றும்போதுகூடச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். விட்டுவிட்டேன்.

அப்பாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பது அவருடைய கை மட்டும்தான் என்று ஒரு தரம் சொன்னாய். எனக்கும் முதலில் வருவது அந்தக் கைதான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் ரேகைகளில் கறுப்பு போகாது. பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கோயிலில் முன்னால் போய் முழங்கால் போடும்போது, அந்தக் கைகளை மடித்து அக்குளில் மறைத்துக்கொள்வார். அதே கையால் எதைத் தொட்டாலும் அளந்து பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் மணிக்கட்டைப் பிடித்து வளையலை மெல்லச் சுற்றினார். ஆசையாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருக்க, "இது வட்டமே இல்ல பாரு, இந்தப் பக்கம் சப்பையா இருக்கு" என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பிறந்தபோது உன் தலையையும் அப்படித்தான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

அவர் வேலை செய்த பட்டறை நம் கோயிலுக்குப் பின்னால் சில தெரு தள்ளி இருந்தது. நீ இந்த வேலையை இப்போது என்னைவிட நன்றாக அறிவாய். ஆனாலும் ஒரு தையல் டீச்சருக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன், கேள். அந்தக் காலத்தில் பட்டறை முழுவதற்கும் ஒரே ஒரு ஆயில் இன்ஜின். கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு நீளமான இரும்புத் தண்டு. இன்ஜின் அந்தத் தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து, இரும்பைச் சுற்றவிட்டுச் சீவுகிற ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். இன்ஜின் ஓடினால் எல்லாருக்கும் வேலை. நின்றால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆத்தூரில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுகளின் உருளைகள், எடப்பாடித் தறிகளின் தண்டுகள், வழியில் உடைந்துபோன லாரிச் சாமான்கள் எல்லாம் அங்கே வரும். உன் அப்பா அங்கே லேத்தில் நிற்கும் டர்னர். டர்னர் சூசை என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கஷ்டமான வேலை வந்தால் அவர் மெஷினுக்குத்தான் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பெண்கள் போகிற இடமா அது?

இன்ஜினின் சத்தம் எங்கள் பள்ளிக்கூடம் வரை கேட்கும். டொக், டொக் என்று நாள் முழுவதும். கேட்டுக் கேட்டு அது இருப்பதே தெரியாது. அன்று நான் பெரிய வகுப்புப் பெண்களுக்குப் பொத்தான் துளை தைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. சத்தம் நின்றது. எனக்கு ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெண், "டீச்சர், இன்ஜின் நின்னுடுச்சு" என்றாள். "உன் தையலப் பாரு" என்று அதட்டினேன். அடுத்த துளையைத் தைத்துக்கூடக் காட்டினேன். அதற்குள் பள்ளிக்கூட வாசலில் இரண்டு ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள், லூர்து. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். நான் பார்த்தபோது முகத்தில் அடி இல்லை. பட்டறை முதலாளி பங்குச் சாமியாரிடம் சொன்னார், சாமியார் எனக்குச் சொன்னார்: தோளில் துண்டு போட்டுக்கொண்டு மெஷினருகே நின்றாராம், துண்டை பெல்ட் இழுத்துவிட்டதாம். கவனக்குறைவு. ஆனால் நினைவு தப்புவதற்கு முன் "இயேசு மரியே" என்று வாய்விட்டுச் சொன்னாராம். அதை எல்லாரும் கேட்டார்களாம். "நல்ல மரணம் அம்மா" என்றார் சாமியார்.

நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன். ஒவ்வொரு வருசமும் அவருடைய நினைவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்கப்பா இயேசுவோட பேரச் சொல்லிட்டுத்தான் சாமி போனாரு" என்பேன். நீ சின்னவனாக இருந்தபோது, "அப்புறம் என் பேரச் சொன்னாரா?" என்று கேட்டாய். "சொல்ல நெனச்சிருப்பாரு" என்றேன்.

மறுநாளே இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. அடக்கம் முடிந்து வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது கேட்காமலே போனதில்லை. ஓடுகிறவரை ஒன்றுமில்லை. நடுவில் நின்றால்தான் பயம். சாப்பாட்டு நேரம் இல்லாமல், சாயங்காலமும் இல்லாமல் நின்றால், நான் எழுந்து நின்றுவிடுவேன். வகுப்பில் என்றால் சன்னலுக்குப் போவேன், வீட்டில் என்றால் வாசலுக்கு. அது திரும்பக் கிளம்பும்வரை உட்கார மாட்டேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் நிற்கும்போது நீயும் படிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாய்.

பிறகு ஒரு நாள் காலையில் நின்றது, கிளம்பவே இல்லை. நான் கதவைக்கூடச் சாத்தாமல் பட்டறைத் தெரு முனை வரை ஓடினேன். வெற்றிலைக் கடைக்காரர் என்னைப் பார்த்துப் பதறிப்போய், "ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா, கரண்டு மோட்டார் போட்டுட்டாங்க. இனி இன்ஜினே கெடையாது" என்றார். அந்த அமைதிக்கு நான் இன்னும் பழகவில்லை. சத்தம் இருந்தபோது, அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றாவது தெரிந்தது.

இப்படிப்பட்டவளிடம் வந்துதான் நீ டர்னர் ஆகப்போகிறேன் என்று சொன்னாய்.

எருமப்பட்டிக்கு உன் சித்தி வீட்டுக்குப் போனோமே, அந்தப் பயணத்தில்தான் இது தொடங்கியது என்று நினைக்கிறேன். நாமக்கல் தாண்டுவதற்குள் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. ஸ்பிரிங்கில் ஏதோ ஒரு பின் உடைந்துவிட்டது என்றார்கள். எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கண்டக்டர் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பட்டறையைத் தேடிப் போனார், நீயும் கூடப் போனாய். திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்த்து நான் பயந்தேன். உனக்குக் காய்ச்சல் என்றே நினைத்தேன். "அம்மா, ஒடஞ்சதப் பக்கத்துல வச்சிக்கிட்டே அதே மாதிரி புதுசா செஞ்சுட்டாங்கம்மா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாய். உன் சட்டைப் பையில் இரும்புச் சுருள் ஒன்று இருந்தது, நீலமும் பழுப்புமாக, பூவாணம் போல. அதை வாங்கிச் சாலையோரம் எறிந்தேன். என் விரலை அது கிழித்துவிட்டது. பஸ் கிளம்பியதும் எல்லாரும் கண்டக்டரைப் பாராட்டினார்கள். நீ மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஆள் வீட்டில் இருக்கும், மனசு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்தது. சிஸ்டர்மார்கள் எனக்காகச் சிபாரிசு செய்து வாங்கித் தந்த இடம். நீ கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, அங்கேயும் தேர்வாகி வந்தாய். எனக்குத் தெரியாமல் போட்டாய் என்பதில்கூட எனக்குக் கோபமில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாய் என்பதில்தான். பங்குச் சாமியாரைக் கொண்டு பேசவைத்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "வாத்தியார் வேலையில யாரும் செத்ததில்ல" என்றேன். "சுண்ணாம்புக் கட்டி கையில இருக்கும், இரும்பு இருக்காது" என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, அப்பா எப்படிச் செத்தாருன்னு உங்களுக்கு நெசமாத் தெரியுமா? நீங்க அந்த மெஷினப் பாத்திருக்கீங்களா?"

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, சொல்லி உட்டிருந்தா நானே ஊட்டுக்கு வந்திருப்பனுங்களே" என்றார். "அவர் நின்ன மெஷினப் பாக்கணும்" என்றேன். அவர் உள்ளே கையைக் காட்டிவிட்டு வெளியே தெருவுக்குப் போய்விட்டார்.

பழைய தண்டு இன்னும் கூரைக்குக் கீழே அப்படியே இருந்தது. பெல்ட் ஒன்றும் இல்லை. துருப்பிடித்து, மேலே புறா உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வந்துவிட்டது. கடைசியில், சன்னலோரம் இருந்த லேத்தில் முத்துசாமி நின்றுகொண்டிருந்தார்.

முத்துசாமியை உனக்குத் தெரியும், பெயர்தான் தெரிந்திருக்காது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் நாம் உன் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, வெளிக் கேட்டருகில் செவ்வந்தி மாலையோடு ஒருவர் நிற்பாரே, நாம் போன பிறகுதான் உள்ளே வருவாரே, அவர்தான். எடப்பாடிப் பக்கத்து ஆள், நம் வேதம் இல்லை. உன் அப்பாவுக்கு அடுத்த மெஷினில் வேலை பார்த்தவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை வருசத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படி ஒதுங்கி நிற்கிறவர் மனசில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். அது என்ன என்று கேட்க எனக்கு விருப்பமில்லை.

"ஓட்டிக் காட்டுங்க" என்றேன். அவர் தலையாட்டினார், மோட்டாரைப் போட்டார். நான் நினைத்திருந்தது ஏதோ பேய் மாதிரி ஒன்று. உண்மையில் அது அமைதியாக ஓடியது. இரும்புக் கட்டை சுற்றியது, சீவுகிற டூல் போய்த் தொட்டது, கரடுமுரடாக இருந்த இடம் அப்படியே பளபளவென்று மாறிக்கொண்டே வந்தது. பால் போன்ற தண்ணீர் வழிந்தது. சுருள் சுருளாக விழுந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. சாமி, எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை. பொறாமை. நான் எத்தனையோ நாள் அவருக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தேன். அவர் எங்கே இருந்தார் என்று அன்றுதான் பார்த்தேன்.

"கடைசியா இயேசு மரியேன்னு சொன்னாரே, நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டேன். அதை இன்னொரு வாயால் கேட்கவேண்டும் என்ற ஆசைதான்.

முத்துசாமி மெஷினை நிறுத்தினார். கையைக் கழிவுத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, உங்களுக்கு நெசம் வேணுங்களா?"

"வேணும்."

"துண்டெல்லாம் இல்லீங்க. சூசையண்ணன் பட்டறைக்குள்ள துண்டே போடமாட்டாரு. இன்ஸ்பெக்டர் வந்து கேப்பாருன்னு அப்படிச் சொல்லிக்கிட்டாங்க. நெசத்துல, நான் நின்ன என்ற மெஷின் பெல்ட்டுதானுங்க கழண்டுச்சு. எனக்கு மாட்டிப் பழக்கமில்ல. 'இன்ஜின நிறுத்தச் சொல்லட்டுமாண்ணே'ன்னேன். 'ஒரு பெல்ட்டுக்காக எல்லாரும் நிக்கோணுமா? தள்றா'ன்னு ஏணியில ஏறிட்டாருங்க. எப்பவும் அவருதான் இன்ஜின் ஓட்டத்துலயே மாட்டுவாரு. பாக்கறதுக்கு அவ்வளவு லேசா இருக்கும். அன்னைக்கு பெல்ட்டு ஜாயிண்டுல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம இன்ஜின் நிக்கறப்ப வெட்டி உட்டுறலாம்னு இருந்தோம். அது அவரு சட்டையப் புடிச்சிருச்சு. தூக்கித் தண்டுல அடிச்சுக் கீழ போட்டுருச்சுங்க."

நான் மேலே பார்த்தேன். புறா தண்டின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தது.

"நான் ஓடிப் போயி தலையத் தூக்குனனுங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என்னையத் தெரிஞ்சுது அவருக்கு. 'டேய், என் மெஷின் ஓடுது, ஃபீடை எடு'ன்னாரு. அவ்வளவுதானுங்க சொன்னது."

ஃபீடு என்றால் என்ன என்று நான் கேட்டேன். டூல் தானாக நகர்ந்து சீவிக்கொண்டே போகும், ஆள் பார்த்து ஃபீடை எடுத்து நிறுத்தாவிட்டால் நேரே போய், இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் மோதி எல்லாம் உடைந்துபோகும் என்று விளக்கினார். ஏணியில் ஏறும் அவசரத்தில் உன் அப்பா தன் மெஷினை ஓடவிட்டுப் போயிருக்கிறார்.

"அவரு சொல்லி நான் கேக்காம இருந்ததில்லீங்க. தலையக் கீழ வச்சுட்டு மெஷினுக்கு ஓடிட்டேன். ஃபீடை எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கறேன், கண்ணு எங்கியோ போயிருச்சு. கூப்பிட்டுப் பாத்தேன். பேச்சில்ல." கழிவுத் துணியை மெஷின் மேல் வைத்தார். "மனுசனப் புடிக்காம மெஷினப் புடிச்சனுங்க. வேற யாரும் இந்த மெஷின்ல நிக்கமாட்டேன்னுட்டாங்க. நான்தான் கேட்டு வாங்கி நிக்கறேன்."

"இயேசு மரியேன்னு...?"

"மொதலாளிதானுங்க அப்படிச் சொன்னாரு. உங்க ஆளுக சாகறப்ப அப்படிச் சொல்லோணும்னு அவருக்கு யாரோ சொன்னாங்களாம். உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு சொன்னாருங்க."

ஒரே வாய்தான் துண்டையும் சொல்லியிருக்கிறது, இயேசுவின் பெயரையும் சொல்லியிருக்கிறது. ஒன்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, இன்னொன்று எனக்காக. அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? இன்று நினைத்தால் எனக்கே விளங்கவில்லை. "அந்த வேல என்னாச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆத்தூர்ச் சேகோ மில்லுத் தண்டு அது. மிச்சத்த நான்தான் முடிச்சுக் கொடுத்தேன். இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "போ" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "கோயம்புத்தூருக்குப் போ. அப்பா பத்திக் கேட்டதத் திருப்பிக் கேக்காத" என்றேன். ஏன் மனம் மாறினேன் என்று நீ கேட்கவில்லை. உன்னை வாத்தியாராக்கி என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். எருமப்பட்டிப் பஸ்ஸில் பார்த்த அந்த முகத்தைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஒருவரோடு அப்படி வாழ்ந்தாயிற்று. இன்னொரு தரம் என்னால் முடியாது.

சம்மதம் சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. என் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை, ஆண்டவரின் பெயரும் இல்லை. ஃபீடை எடு. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் இயேசு, மரி என்கிற பெயர்கள் வருகிற இடத்தில் நாக்கு நின்றுவிடும். பள்ளிக்கூடப் பெண்களை ஆத்தூருக்கு ஒரு விழாவுக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் சேகோ மில்லுகள், களத்தில் மாவு வெள்ளை வெளேரென்று காய்கிறது, உள்ளே சத்தம். இதிலா, அடுத்ததிலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கோ ஒரு சுவருக்குப் பின்னால் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் தொட்ட கடைசிச் சாமான். அதைச் செய்தவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவர் என்னை மறந்துவிட்டார் என்று முதலில் அழுதேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவருக்குத் தாம் சாகப்போகிறோம் என்று தெரியவில்லை, லூர்து. எழுந்து போய் மிச்ச வேலையைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரத்தான் போகிறார். பிறகு எதற்கு நம் பெயரைச் சொல்லவேண்டும்? இதுதான் சரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சில நாள் இப்படி நினைக்க முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நான் தனியாகத்தான் போனேன். முத்துசாமி வழக்கம்போல் கேட்டருகில் மாலையோடு நின்றார். நான் போய், "உள்ள வாங்க, சேர்ந்தே போடலாம்" என்றேன். அவர் மாலையை மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாசலிலேயே தயங்கி நின்றவரை உள்ளே வரவைத்து, இலை போட்டுச் சோறு வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ரசத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"தம்பி எந்த மெஷின்ல நிக்கறாப்லீங்க?"

"தெரியாதுங்க. கேக்கல."

"கேளுங்க டீச்சரம்மா. இப்பத்த மெஷின்ல பெல்ட்டெல்லாம் உள்ளுக்குள்ள மூடித்தான் இருக்கும், பயமில்ல. ஆனா பழகப் பழகக் கைக்குப் பயம் போயிரும். அண்ணனுக்கு வேல தெரியாம இல்லீங்க, ரொம்பத் தெரிஞ்சதுனாலதான் போனாரு. நிறுத்தோணும்னா நிறுத்திறோணும். மத்தவங்க சிரிச்சாலும் நிறுத்திறோணும். நான் அன்னைக்கு அவரக் கேட்டுக்கிட்டு நிக்காம, ஓடிப் போயி இன்ஜின நானே நிறுத்தியிருக்கோணும்."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். நீ சின்னவனாக இருக்கும்போது நான் கழுத்தில் போட்டுவிட்ட மாதா உத்தரியக் கயிற்றை மெஷினில் நிற்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் வை. மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கைக்கடிகாரம் வாங்கினால் அதையும் கழற்று. முழுக்கைச் சட்டை வேண்டாம். ஏதாவது ஒன்று நீட்டிக்கொண்டு இருப்பது கண்ணில் பட்டால், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. வேலை நின்றால் மேஸ்திரி திட்டுவார், திட்டட்டும். எதுவாவது உன்னைப் பிடித்து இழுத்தால் மெஷின் உடையட்டும், டூல் உடையட்டும், ஊரில் உள்ள மில்லெல்லாம் நிற்கட்டும், நீ வாய்விட்டுக் கத்து. யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லிக் கத்து.

இனி நான் வாசலில் போய் நின்று கேட்பதற்கு ஒரு சத்தமும் இல்லை. நீ இருக்கும் ஊரின் சத்தம் எனக்குக் கேட்காது. கண்ணை மூடினால் உன்னை எங்கே நிறுத்திப் பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. இதற்குப் பதில் எழுதும்போது சாப்பாட்டைப் பற்றி எழுதாதே. உன் மெஷின் எந்தப் பக்கம் இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, உனக்கு அடுத்து நிற்பவர் யார், அவர் பெயர் என்ன என்று எழுது. மெஷினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும் என்று முத்துசாமி சொன்னார். நீ நிற்கும் இடத்திலிருந்து கையை நீட்டினால் அது எட்டுகிறதா, சாமி? நாளைக்குப் போனதும் நீட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அம்மா